ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றியறிதல்: எட்டு வார வழிகாட்டி

முதல் முறை நான் செய்தது இதுதான். ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்களுக்கு உதவியவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்க" என்றேன். 34 கடிதம் வந்தது. அதில் 29 அம்மாவுக்கு. பாதிக்கு மேல் "என்னைப் பத்து மாதம் சுமந்து பெற்ற" என்று ஆரம்பித்தது. ஒருவன் தமிழ்த் தேர்வில் எழுதுகிற பழக்கத்தில் உறைமேல் முகவரியும் போட்டு, வலது ஓரத்தில் தபால்தலைக்குக் கட்டம் வரைந்திருந்தான்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கடைசிப் படியை நான் முதலில் வைத்துவிட்டேன். அதன் பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, புதிதாக வந்த ஆசிரியர்கள் எங்கே வழுக்கினார்கள் என்று கவனித்து, இந்த வரிசைக்கு வந்தேன். முதலில் பார்ப்பது, பிறகு எடைபோடுவது, பிறகு சொல் தேடுவது, கடைசியில் நேரில் போய்ச் சொல்வது. இந்த வரிசை மாறினால் திரும்பவும் "பத்து மாதம் சுமந்து" கடிதம்தான் வரும்.

1. ஆரம்பிக்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

ஆளுக்கொரு 40 பக்க நோட்டு. அது பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போனால் அண்ணனோ அக்காவோ எடுத்துப் படிப்பார்கள், அடுத்த வாரம் பிள்ளை எழுதாது.

வாரம் ஒரு முறை 20 நிமிடம். இடைவேளை முடிந்த பாடவேளை நல்லது. வெள்ளிக்கிழமை கடைசி வேளை வேண்டாம், அப்போது பை தோளில் ஏறியிருக்கும்.

தினமும் எழுத வைக்கலாமே என்று கேட்பார்கள். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடன் இருந்தவர்களும் 11 வகுப்பறைகளில் 221 பிள்ளைகளை, ஆறாம் ஏழாம் வகுப்புக்காரர்களை, வைத்துப் பார்த்தார்கள். நன்றிப் பட்டியல் எழுதிய பிரிவினர் தினமும் எழுதினார்கள். ஆனால் அது இரண்டே வாரம். நானும் தினமும் எழுத வைத்துப் பார்த்தேன். நாலாம் நாளே முந்தின நாள் எழுதியதற்குக் கீழே மேற்படி போட ஆரம்பித்தார்கள். எட்டு வாரம் இழுக்க வேண்டுமென்றால் வாரம் ஒன்று போதும்.

மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது, அனுமதியில்லாமல் யாருடையதையும் சத்தமாகப் படிப்பது கிடையாது. இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் உண்டு என்றால் உங்களுக்குப் பிடித்ததை எழுதுவார்களே ஒழிய, நடந்ததை எழுத மாட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு நோட்டு வேண்டும். பிள்ளைகள் எழுதும்போது நீங்கள் வருகைப் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தால், இது இன்னொரு வகுப்பு வேலை என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்பதைவிட, என்ன செய்யக் கூடாது என்பது முக்கியம்: "நன்றி பாடம் நடக்குதாமே, எங்கே எனக்கு நன்றி சொல்லு பார்க்கலாம்" என்று வீட்டில் கேட்கக் கூடாது.

ஜூன் கடைசியில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் எட்டு வாரம் கிடைத்துவிடும்.

2. முதல் வாரம்: மொய் வேறு, நன்றி வேறு

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மொய் நோட்டு நன்றாகத் தெரியும். கல்யாணத்திலும் காதுகுத்திலும் மேசைக்குப் பக்கத்தில் நின்று பேரும் ஊரும் சொல்லியிருப்பார்கள். "அவங்க 500 வச்சாங்க, நாம அதுக்குக் கூட வைக்கணும்" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருப்பார்கள். உதவி என்றால் திருப்ப வேண்டிய கணக்கு என்று மனதில் ஏற்கனவே பதிந்திருக்கிறது. அதற்கு மேலே நன்றியை வைத்தால் அதுவும் கடனாகத்தான் போய் உட்காரும்.

மொய்யைக் கேவலமாகப் பேச வேண்டாம். கைமாற்றுக்கு அது நல்ல ஏற்பாடு, பல வீட்டுக் கல்யாணம் அதில்தான் நடக்கிறது. கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். மொய்யில் என்னென்ன உண்டு? தொகை உண்டு, பேர் எழுதப்படும், திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் மனஸ்தாபம். இன்னொரு பத்தியில், பேர் எழுதாமல் யாராவது உங்களுக்கு ஏதாவது செய்தது உண்டா என்று கேளுங்கள். பேருந்தில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், சைக்கிள் செயின் கழன்றபோது கையில் கிரீஸோடு மாட்டிக்கொடுத்தவர் என்று வரும்.

அடுத்த கேள்வி: "உங்களுக்குச் செய்ததை யாராவது சொல்லிக்காட்டியதுண்டா?" எல்லாக் கையும் தூக்கும். பத்து நிமிடம் பேச விடுங்கள். "உன் ஃபீஸுக்குத்தான் நான் இந்தப் பாடுபடுறேன்" என்ற வாக்கியம் ஏதாவது ஒரு உருவத்தில் கட்டாயம் வரும். அப்போது பெற்றோர் பக்கமும் சாயாதீர்கள், பிள்ளை பக்கமும் சாயாதீர்கள். "அவங்க கஷ்டத்துலதானே சொன்னாங்க" என்று நீங்கள் வக்காலத்து வாங்கினால் அன்றோடு வாய் மூடிவிடும்.

இங்கே ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு நாக்கில் இருக்கிறது. "நன்றி கெட்டவனே" என்ற சொல்லை இந்த எட்டு வாரமும் மறந்துவிடுங்கள். உடைந்த டஸ்டர் ஒன்றுக்காக மூன்றாவது வாரத்தில் நான் அதைச் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் நோட்டில் வந்ததெல்லாம் என்னைப் பற்றிய புகழுரைதான்.

3. இரண்டாம், மூன்றாம் வாரம்: பார்ப்பது மட்டும்

திருக்குறளில் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. இன்று நாம் சொல்கிற 'தேங்க்ஸ்' அல்ல. அந்த நன்மையை அறிவதுதான் அதிகாரம். சொல்வதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். இந்த ஒரு விளக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு நன்றி என்ற சொல்லை நோட்டில் எழுதவே தடை போடுங்கள்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் செய்வதைப் பார்த்து எழுத வேண்டும். அம்மா வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், ராணுவ வீரர் வேண்டாம். எங்கள் ஊரில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: வள்ளல் அழகப்பர் வேண்டாம். உதவி என்று சொன்னதும் காரைக்குடிப் பிள்ளைகள் வாயில் அவர் பேர்தான் வரும். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர், வராமல் என்ன செய்யும்? ஆனால் அது மனப்பாடம். தன் தட்டில் யார் சோறு போட்டார்கள் என்பதைப் பார்க்காமல் அங்கே தாவிவிடலாம்.

நான் தொடங்குவது சத்துணவுக் கூடத்தில். முதலில் அமைப்பாளரிடமும் சமையல் அக்காவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள், மதிய மணிக்கு முன் கால் மணி நேரம். அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வாசற்படியோடு நிற்க வேண்டும்.

விதி ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. "ரொம்ப நல்லவங்க", "அன்பானவங்க" என்று எழுதினால், "என்ன செஞ்சாங்க?" என்று பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் போடுங்கள். இரண்டாம் வாரம் "சமையல் அக்கா அன்பாகச் சமைக்கிறார்" என்று எழுதிய ஒரு பெண், மூன்றாம் வாரம் எழுதியது இது:

"முட்டையை உரிச்சதும் ஒவ்வொண்ணா தண்ணியில அலசுறாங்க. சின்னத் துணுக்கு ஓடு ஒட்டியிருந்தா நகத்தால எடுக்கிறாங்க. எடுத்துட்டுத் திரும்ப அலசுறாங்க. வலது கையில மணிக்கட்டுகிட்ட சுட்ட தழும்பு மூணு இருக்கு. ஒண்ணு புதுசு."

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று மதியம் தட்டில் விழுந்த முட்டையை அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்துணவு இல்லாத பள்ளியாக இருந்தால் பேருந்து நடத்துநர், வாசலில் கொய்யா விற்கும் ஆச்சி, மணி அடிப்பவர் என்று யாரையாவது எடுக்கலாம். துப்புரவுப் பணியாளரைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கொஞ்சம் கவனம். "பாவம்" என்ற சொல் நோட்டில் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. நம் ஊர்களில் யார் யாரைக் கீழே பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணியாளரின் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

4. நான்காம் வாரம்: மூன்று கேள்விகள்

முழுப் பயிற்சிக்கும் அச்சாணி இந்த வாரம். ஒரு பாடவேளை போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்து எழுதிய ஏதாவது ஒரு செயலை எடுத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதனால் எனக்கு என்ன கிடைத்தது? இதைச் செய்ய அவருக்கு என்ன செலவானது? இதை அவர் ஏன் செய்தார்? 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக ஃப்ரோ குழுவினர் 2014இல் வெளியிட்ட பாடமுறையும் இந்த மூன்றைச் சுற்றித்தான் இருக்கிறது. "நன்றியோடு இரு" என்று அவர்கள் சொல்லித்தரவில்லை, உதவியை எடைபோடச் சொல்லித்தந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்குக் குறளிலிருந்தே போகலாம். 102ஆம் குறளில் "காலத்தினால் செய்த நன்றி" வருகிறது. அது முதல் கேள்வி: அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிது? 101இல் "செய்யாமல் செய்த உதவி", 103இல் "பயன்தூக்கார் செய்த உதவி". இரண்டும் மூன்றாம் கேள்வி: முன்னால் நாம் ஒன்றும் செய்யாதபோதும், இதனால் என்ன கிடைக்கும் என்று பார்க்காமலும் செய்தாரா? செலவுக்கான உதாரணத்தை மட்டும் பிள்ளைகளே தேடட்டும். செலவு என்றதும் பணத்தைத்தான் சொல்வார்கள். தூக்கம், முதுகுவலி, தன் வேலை தள்ளிப்போனது, பிறரிடம் வாங்கிய திட்டு என்று பட்டியல் நீளும்வரை விடாதீர்கள்.

இந்த வாரம் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சம்பளம் வாங்குறாங்கள்ல சார், அப்புறம் என்ன?"

புதிய ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்குவார்கள். எனக்கு இதுதான் எட்டு வாரத்திலேயே நல்ல கேள்வி. நேராகப் பதில் சொல்லுங்கள். ஆமாம், சம்பளம் வாங்குகிறார்கள், அது அவர்கள் உரிமை. குறைந்த சம்பளம் என்றால் நன்றி சொல்லி அதை ஈடுகட்டவும் முடியாது. இப்போது நோட்டில் உள்ளதை இரண்டாகப் பிரி: எது சம்பளத்துக்குள் வரும், எது வெளியே? கேட்டவனே பிரித்தான். சமைப்பது உள்ளே. முட்டையை அவிப்பது உள்ளே. ஓட்டுத் துணுக்கை நகத்தால் எடுப்பது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கோட்டு மேல சார்" என்றான். சாயங்காலம் வரை வகுப்பில் அந்தக் கோட்டைப் பற்றித்தான் சண்டை.

செய்யக் கூடாதது ஒன்று: "சாப்பாடு இல்லாத பிள்ளைகளை நினைச்சுப் பாரு" என்ற ஒப்பீடு. அதிலிருந்து வருவது குற்ற உணர்ச்சி, இல்லாவிட்டால் 'நல்லவேளை நான் இல்லை' என்ற நிம்மதி. உதவி செய்த ஆள் அந்தக் காட்சியிலேயே இல்லை. அதோடு, நேற்று ராத்திரி சாப்பிடாமல் வந்த பிள்ளை மூன்றாவது பெஞ்சில் இருக்கலாம்.

5. ஐந்தாம் வாரம்: முகம் தெரியாதவர்கள்

நேரமிருந்தால் செய்யுங்கள். ஊருணிக்கு அழைத்துப் போங்கள், இரண்டு பெரியவர்கள் துணைக்கு வேண்டும், யாரும் படியில் இறங்கக் கூடாது. இதை வெட்டியது யார், வரத்துக்காலை இப்போது தூர்வாருவது யார், நீங்கள் யாருக்காவது இப்படி ஏதாவது விட்டுவைப்பீர்களா என்று மூன்று கேள்வி போதும். வெட்டியவருக்கு இந்தப் பிள்ளைகள் யாரென்றே தெரியாது என்பது அங்கே நின்றால் தானாக உறைக்கும்.

மழை நாளானால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஒன்றில் உட்கார வையுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தரையில் நிறம் கொஞ்சம் கோடு தாண்டிய கல்லைத் தேடச் சொல்லுங்கள். எங்கே கை நடுங்கியது என்று தெரியும்.

6. ஆறாம் வாரம்: சொல் தேடுவது

நம் வீடுகளில் அம்மாவிடம் போய் "நன்றி அம்மா" என்றால், "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைப்பார்கள். நன்றி மேடையில் சொல்கிற சொல். தேங்க்ஸ் நண்பனுக்கும் கடைக்காரருக்கும். நெருங்கியவர்களுக்கு நாம் வேறு விதமாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். இதை மறந்து நன்றி என்ற சொல்லையே கட்டாயமாக்கினால் பிள்ளைகள் கூச்சத்தில் சிரிப்பார்கள், பாடம் நாடகமாகிவிடும்.

அதனால் நான் சொல்லித்தருவது இரண்டு துண்டு: நீ செய்ததைப் பார்த்தேன், அதனால் எனக்கு இது நடந்தது. நன்றி என்ற சொல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஒரு பையன் முதலில் எழுதியது: "அப்பத்தா, நீங்கள் எனக்குச் செய்த எல்லா உதவிகளுக்கும் நன்றி." இரண்டு முறை திருத்திய பிறகு: "அப்பத்தா, அன்னிக்கு மழையில பஸ்ஸு வரைக்கும் கொடை புடிச்சிட்டு வந்தியே, கொட எம்பக்கமே இருந்துச்சு. நீ நனைஞ்சுட்ட. எம்புத்தகம் நனையல."

இதில் 'நீ'யை 'நீங்கள்' ஆக்காதீர்கள். நானே பேனாவை எடுத்துவிட்டு கீழே வைத்தேன். அப்பத்தாவையும் அம்மாச்சியையும் நீ என்று கூப்பிடுகிற பிள்ளை, நீங்கள் என்றால் அங்கே பேசுவது அவனல்ல, தமிழ் ஐயா.

எல்லா, எப்போதும், ஒவ்வொரு நாளும் என்ற மூன்று சொற்களையும் அடித்துவிடச் சொல்லுங்கள். அவை போனாலே ஒரு குறிப்பிட்ட நாள் உள்ளே வந்துவிடும். பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

7. ஏழாம் வாரம்: நேரில்

யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் ஆள் குறிக்காதீர்கள். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் குரல் பதிவு அனுப்பலாம். இறந்துபோனவர் என்றால் நோட்டில் எழுதியதோடு நிற்கட்டும்.

கேட்பவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதைச் சொல்லாமல் அனுப்பிய ஆண்டு நாலைந்து பேர் முகம் தொங்கி வந்தார்கள். நம் பெரியவர்களுக்குப் பாராட்டு வாங்கிப் பழக்கமில்லை. "போடா, போய் வேலையைப் பாரு" என்பார்கள். அதுதான் பதில், அதற்குக் கோபமென்று அர்த்தமில்லை. சமையல் அக்காவிடம் நான்கு பிள்ளைகள் போய்ச் சொன்னபோது, "இதையெல்லாமா எழுதுறீங்க" என்றார், கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை.

மேடை வேண்டாம். ஒரு முறை விழாவில் வாசிக்க வைத்தோம். எல்லோரும் அம்மாவுக்கு வாசித்தார்கள். அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்ட ஒரு பெண், கையில் மடித்த தாளோடு ஓரத்தில் நின்றாள். அவள் அத்தைக்கு எழுதியிருந்தாள், வாசிக்கவில்லை. அந்தத் திட்டம் என்னுடையது.

போட்டோவும் வேண்டாம். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்ட கணத்தில் அது பள்ளியின் விளம்பரம் ஆகிவிடும். பிள்ளைகளும் அடுத்த முறை போட்டோவுக்காகவே சொல்வார்கள்.

8. எழுத மறுப்பவர்களும், எழுதியதில் தெரியும் ஆபத்தும்

வெறும் பக்கத்துக்கு உரிமை உண்டு. தேதியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஏன் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

சில பிள்ளைகள் வீட்டில் அடிவாங்குகிறார்கள். அதைவிட மோசமானதும் நடக்கிறது. அப்படிச் செய்பவரிடம் நன்றியோடு இருக்கச் சொல்லி ஒரு வார்த்தைகூட உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 109ஆம் குறள், கொன்றது போன்ற தீமை செய்தவரானாலும் அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீமை மறையும் என்கிறது. பெரியவர் ஒருவர் தன் மனதைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது. அடிவாங்கும் பிள்ளையிடம் அதை எடுத்துக் காட்டினால் வாயைக் கட்டுவதாகிவிடும். இந்தப் பாடத்தில் அந்தக் குறளை நான் தொடுவதில்லை.

நோட்டில் சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால், தனியே உட்கார்ந்து பேசுங்கள், ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது முதல் வேலை அல்ல. அந்தப் போனை எடுப்பவரே காரணமாக இருக்கலாம்.

9. எட்டாம் வாரம்: பலன் தெரிகிறதா?

தேர்வு வைக்காதீர்கள். முதல் நோட்டுப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பேரும் நாளும் கையும் காலும் வந்திருக்கிறதா? "எல்லாரும்" போய் "சைக்கிள் கடை அண்ணன்" வந்திருக்கிறாரா? வந்திருந்தால் போதும். பத்துப் பேரில் மூன்று பேருக்கு ஒன்றும் மாறியிருக்காது. என் வகுப்பில் எப்போதும் அப்படித்தான், அதற்காக ஒன்பதாவது வாரம் வைக்காதீர்கள்.

நோட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். கண்காட்சிக்கு என்று நிறுத்தி வைக்க வேண்டாம். போன ஆண்டு ஒருவன் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கணக்கு ரஃப் நோட்டாக்கிவிட்டான். இன்னொருத்தி பின்னட்டையில் மருதாணி டிசைன் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடுங்கள், நோட்டு அவர்களுடையது.